சும்மா கிடைக்கும் துப்பாக்கி

துப்பாக்கி வீடியோ விளையாட்டுகளில் ஆட்டம் தொடங்கியதும் கையில் ஒரு சின்ன ஆயுதத்தைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கைத்துப்பாக்கிதான். அதற்குக் காசு கிடையாது.

சும்மா வந்த பொருளுக்கு மரியாதை ஏது? புதிதாக ஆடுகிறவர்கள் அதை மதிக்காமல், பெரிய துப்பாக்கி எங்கே என்று தேடி ஓடுவார்கள். ஓடுகிற வழியிலேயே சுடப்பட்டு விழுவார்கள்.

ஆடித் தேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை.

50 தோட்டா

இந்த வகை ஆட்டங்களுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது ‘டூம்’. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ‘ஐடி சாப்ட்வேர்’ என்ற சின்னக் கம்பெனி 1993 டிசம்பரில் இதை வெளியிட்டது. ஆடுகிறவனுக்கு முதலில் கிடைப்பது ஒரு பிஸ்டல், 50 தோட்டா. அதுவும் தீர்ந்தால் வெறும் முஷ்டி.

சாதாரண எதிரி ஒருவனை வீழ்த்த இந்தப் பிஸ்டலால் இரண்டு முதல் நான்கு குண்டு ஆகும். குறி தப்பினால் அதற்கு மேலும் ஆகும். ஆகவே எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் போனால் ஷாட்கன் கிடைக்கும். அப்புறம் செயின்கன். பிஸ்டலுக்கும் செயின்கன்னுக்கும் ஒரே தோட்டாதான். ஒரு குண்டு செய்யும் சேதமும் ஒரே அளவுதான். செயின்கன் மடமடவென்று சுடும், அவ்வளவே. அது கைக்கு வந்த பிறகு பிஸ்டலை யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் செத்துப்போனால்? ஆட்டத்தை இடையில் பதிவு செய்து வைக்காதவனுக்குச் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய்விடும். அந்தக் கட்டத்தின் வாசலில் மறுபடியும் அதே பிஸ்டல், அதே 50 தோட்டாவுடன் நிற்க வேண்டியதுதான். கட்டங்களை அமைக்கிறவர்களும் இதை மனதில் வைத்தே வழியில் ஆயுதங்களைப் போட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் வேண்டுமென்றே வெறும் பிஸ்டலோடு தொடங்கி முடித்துக் காட்டும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1998-ல் வந்த ‘ஹாப் லைப்’ ஆட்டத்தில் முதலில் கிடைப்பது துப்பாக்கி கூட அல்ல, ஒரு சின்னக் கடப்பாரை! பெட்டியை உடைக்க, கண்ணாடியை நொறுக்க, தாவி வரும் ஜந்துவை அடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்குத் தோட்டா வேண்டாம்.

800 டாலர் கணக்கு

மும்பை, பெங்களூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு காலத்தில் பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியது ‘கவுண்டர் ஸ்டிரைக்’. முதல் துப்பாக்கியின் அருமை முழுதாகத் தெரிவது இந்த ஆட்டத்தில்தான். அதன் புதிய வடிவமான ‘கவுண்டர் ஸ்டிரைக் 2’ 2023-ல் வந்தது.

பக்கத்துக்கு 5 பேர். முதல் சுற்றில் ஒவ்வொருவர் கையிலும் 800 டாலர் இருக்கும். நிஜப் பணம் அல்ல, ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் பணம். ஏ.கே.47 துப்பாக்கியின் விலை 2,700 டாலர். ஆகவே முதல் சுற்று முழுவதும் பிஸ்டல் சண்டைதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மார்புக் கவசம் 650 டாலர். தலைக்கவசமும் சேர்த்தால் 1,000 டாலர். 800 டாலரில் தலைக்கவசம் வாங்க முடியாது. எல்லோரும் வெறும் தலையோடுதான் நிற்க வேண்டும். கிட்டத்திலிருந்து சும்மா கிடைத்த பிஸ்டலால் தலையில் ஒரே ஒரு குண்டு போட்டால் ஆள் காலி!

ஒரு பக்கத்தாருக்கு இலவசமாகக் கிடைப்பது ‘கிளாக்’. 20 தோட்டா கொள்ளும். நெருங்கிப் போய்ச் சுட ஏற்றது. எதிர்ப்பக்கத்தார் எடுத்துக்கொள்ளும் ‘யு.எஸ்.பி.’யில் 12 தோட்டாதான். ஆனால் சத்தம் அடக்கி உண்டு. நின்று நிதானமாகக் குறி வைக்கிறவனுக்கு அதுதான் உகந்தது.

இந்தச் சுற்றில் ஜெயித்த பக்கத்தில் ஆளுக்கு 3,000 டாலருக்கு மேல் வரும். அடுத்த சுற்றில் நல்ல ஆயுதம் வாங்கிக்கொண்டு வருவார்கள். தோற்றவர்களுக்கு அவ்வளவு கிடைக்காது. அவர்கள் பல சமயம் செலவே செய்யாமல், பழைய பிஸ்டலோடு ஒரு சுற்றை ஓட்டிப் பணம் சேர்ப்பார்கள். மாதக் கடைசியில் சம்பளக்காரர் வீட்டில் நடக்கிற கதைதான்!

அப்படி ஓட்டும்போதும் பிஸ்டல்காரன் எதிரியை வீழ்த்திவிட்டால், கீழே விழுந்த ஏ.கே.47 அவனுக்கு! பெரிய துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் பிஸ்டல் உதவும். ஏ.கே.47-ல் தோட்டா மாற்ற இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுக்க ஒரு விநாடி போதும். எதிரே ஆள் நிற்கும்போது அந்த ஒரு விநாடியில்தான் உயிர் இருக்கிறது.

2001-ல் வந்த ‘ஹேலோ’வில் நிலைமை தலைகீழ். கப்பல் கேப்டன் தன் பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் எடுத்துக் கொடுப்பார். பலர் சேர்ந்து ஆடும்போது அதே பிஸ்டலில் சரியாகப் போட்ட மூன்று குண்டு ஒருவனை முடித்துவிடும். பெரிய துப்பாக்கிகள் அதன் முன் நிற்க முடியாமல் போயின. அடுத்த பாகத்தில் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

நிஜப் பணம் எங்கே போகிறது?

வீட்டில் பையன் ஆடுகிறான் என்றால் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. 2020-ல் வந்த ‘வேலரண்ட்’ ஆட்டத்தில் ‘கிளாசிக்’ என்ற பிஸ்டல் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அந்த இலவசப் பிஸ்டலுக்கு மாட்ட வண்ண வண்ணமாக ‘ஸ்கின்’ விற்கிறார்கள். அதற்கு நிஜப் பணம் கொடுக்க வேண்டும். கவுண்டர் ஸ்டிரைக்கில் பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டி, திறக்கச் சாவி விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் மலிவுச் சரக்குதான்.

இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஸ்கின் மாட்டியதால் குண்டின் பலம் ஒரு புள்ளிகூட ஏறாது. குறியும் நேராகாது. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் இதற்காக ஆயிரம், இரண்டாயிரம் என்று கரைந்த பிறகுதான் சில வீடுகளில் விஷயமே தெரிய வருகிறது.

வேலரண்டில் பயிற்சி மைதானம் ஒன்று உண்டு. அதற்கும் காசு இல்லை. அசையாமல் நின்று, குறியைத் தலை உயரத்தில் வைத்து, ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பழக அங்கே கிளாசிக்கே போதும்.