கண்ணா இலையின் மெழுகு: அன்றும் இன்றும்

புத்தளம் களப்போரத்தில் கண்ணா மரமென்றால் அன்று விறகு, ஆட்டுக்குக் குழை. மீ ஓயாவும் கலா ஓயாவும் வற்றும் மாதங்களில் களப்பு கடலைவிடக் கரிக்கும். அதை அறிய நாக்கே போதும். கண்ணா இலையைப் புரட்டினால் வெள்ளைப் பொருக்கு தெரியும். வேரைத் தாண்டி ஏறிய உப்பை மரம் இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடுகிறது.

எண்பதுகளில் இறால் வளர்ப்பு வந்தது. சிலாபத்திலிருந்து டச்சு வாய்க்கால் நெடுக கண்ணா போன்ற கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கி, பல குளங்கள் அப்படியே கைவிடப்பட்டன. சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நடும் மும்முரம். நட்ட கன்றின் எண்ணிக்கையே சாதனையாக அறிவிக்கப்பட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பெருமையை உடைத்தது: நாடு முழுவதும் பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்ட 1,000 – 1,200 ஹெக்டயரில் தேறியது 200 – 220 தான்.

செத்த கன்றை எண்ணலாம். உயிரோடு நிற்பது உள்ளே என்ன பாடு படுகிறது என்பதை எப்படி அறிவது? இதற்கு ஐதரசன் கைகொடுக்கிறது. 1931இல் ஹெரால்ட் யூரி கண்டுபிடித்த தூதேரியம், ஐதரசனின் பாரமான சமதானி. கடல்நீரில் ஏறக்குறைய 6,400 ஐதரசனுக்கு ஒன்று. இலைமெழுகிலுள்ள தூதேரியத்தை அளந்து பழங்கால மழையைக் கணிப்பதே ஆய்வாளர்களின் நெடுநாள் வழக்கம். மரத்தை அவர்கள் வெறும் மழைமானியாகவே பார்த்தார்கள் என்பேன்.

அந்தப் பார்வை மாறிவிட்டது. ஒளித்தொகுப்பில் இலை புதிதாகப் பிடிக்கும் ஐதரசன் மிக இலேசானது. சேமித்த சீனியை உடைத்து மறுபடி கட்டும்போது பாரமானது கூடுகிறது. அன்றன்றைய உழைப்பில் சாப்பிடும் வீட்டுக்கும் சேமிப்பைக் கரைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோர்மியேயும் காமனும் குழுவினருடன் 2018இல் இதைக் காட்டினார்கள்: ஒளித்தொகுப்பு குன்றும்படி காபனீரொட்சைட்டைக் குறைத்து வளர்த்த செடிகளில் செலுலோசும் மெழுகும் பாரமாயின. அனுசேபம் மாறினால் சமதானிக் கணக்கும் மாறும்.

உப்பு விடயத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் கழிமுகத்தில் ஆய்வாளர்கள் லாடும் சாக்ஸும் இதே கண்ணா இனத்தை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். உப்பு கூடக்கூட அங்கே நீரின் தூதேரியம் கூடுகிறது. மெழுகிலும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குறைந்தது! உப்பைத் தாங்க மரம் கூடுதலாகச் செய்யும் சேர்மங்கள் ஐதரசனின் போக்கைத் திருப்புகின்றன என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. உப்பின் நெருக்கடி மெழுகில் பதிகிறது என்றவரையில் செய்தி தெளிவு.

நீரை அளக்காமல் இலையை மட்டும் அளந்தால் மழையா, உப்பா, மரத்தின் பசியா என்று பிரிக்க முடியாது. ஆகவே களப்போரத்தில் கன்று நடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பருவந்தோறும் நாலு இலையைக் காயவைத்துக் கடதாசி உறையிலிட்டு, திகதியையும் உப்பளவையும் எழுதி வையுங்கள். அதே இடத்து நீரை இறுக மூடிய சிறு போத்தலில் சேர்த்து வையுங்கள். மெழுகு இலகுவில் கெடாது; அளக்கும் கருவி பிறகு கிடைத்தாலும் போதும்.