சமாதானம் பேசும் வக்கீல்

வழக்குகளில் சிக்கித் தவித்த மைக்ரோசாஃப்டைக் கரையேற்றிய பிராட் ஸ்மித், நிறுவனத்தின் தலைவர் நாற்காலிக்கே வந்தார். ஆனால் அவர் யாருக்கு வக்கீல் என்ற கேள்வி தொடர்கிறது.

ஆண்டு 1986. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கவிங்டன் அண்டு பர்லிங் என்ற பிரபல வழக்கறிஞர் நிறுவனம் ஓர் இளம் வக்கீலுக்கு வேலை தர முன்வந்தது. வேலையில் சேர அவர் போட்ட நிபந்தனை, தன் மேஜையில் ஒரு பெர்சனல் கம்ப்யூட்டர் வேண்டும் என்பது. டைப் அடிப்பது செக்ரட்டரியின் வேலை என்று வக்கீல்கள் நினைத்த காலம் அது. கேட்டது கிடைத்தது. அந்த நிறுவனத்தில் மேஜைமீது கம்ப்யூட்டர் வைத்துக்கொண்ட முதல் வக்கீல் ஆனார் பிராட் ஸ்மித்.

விஸ்கான்ஸின் மாநிலத்தில் 1959இல் பிறந்த ஸ்மித், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் கொலம்பியா சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1993இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, ஐரோப்பாவில் அதன் சட்ட விவகாரங்களைக் கவனித்தார். ஐந்தே ஆண்டுகளில் நிறுவனத்தின் தலையில் இடி விழுந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸுடன் பிணைத்துக் கொடுத்துப் போட்டியை நசுக்குகிறது என்று 1998இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000இல் நீதிபதி உத்தரவிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறியது என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

இந்த நிலையில்தான் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு ஆள் தேடினார்கள். மேலதிகாரிகள்முன் ஸ்மித் காட்டியது ஒரே ஒரு ஸ்லைடு. சமாதானம் செய்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்பதே அதில் இருந்த செய்தி. 2002இல் பதவி அவருக்குக் கிடைத்தது.

சமாதானம் மலிவாகக் கிடைக்கவில்லை. 2003இல் ஏஓஎல் டைம் வார்னருக்கு 75 கோடி டாலர். 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்குச் சுமார் 195 கோடி டாலர். அதே ஆண்டு ஐரோப்பிய கமிஷன் விதித்த அபராதம் 49.7 கோடி யூரோ. எதிரிகளை வீழ்த்துவதே தொழில் தர்மம் என்று பழகிய நிறுவனம், பணம் கொடுத்துக் கைகுலுக்கக் கற்றுக்கொண்டது.

அடுத்த மோதல் அரசுடன். அயர்லாந்தின் டப்ளினில் உள்ள சர்வரில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களைத் தரும்படி 2013இல் அமெரிக்கப் புலனாய்வாளர்கள் வாரன்ட்டோடு வந்தார்கள். வேறொரு நாட்டில் இருப்பதை எடுக்க இந்த வாரன்ட் செல்லாது என்று மறுத்தது மைக்ரோசாஃப்ட். 2016இல் மேல்முறையீட்டில் வெற்றி. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2018இல் நாடாளுமன்றம் இயற்றிய 'கிளவுட்' சட்டம் வழக்கைத் தேவையற்றதாக்கியது. அந்தச் சட்டத்தை மைக்ரோசாஃப்ட் ஆதரித்தது. தனிமனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. இங்கேயும் ஸ்மித் தரப்பு கடைசியில் வந்து நின்றது சமரசத்தில்தான்.

ஹைதராபாத்தில் பிறந்த சத்ய நாதெள்ளா 2014இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். மறு ஆண்டு ஸ்மித் தலைவர் ஆனார். முகத்தைக் கண்டறியும் தொழில்நுட்பத்துக்குக் கடிவாளம் போடச் சட்டம் வேண்டும் என்று 2018இல் அவரே அரசைக் கேட்டார். தன் தொழிலுக்குத் தானே கட்டுப்பாடு கேட்கும் முதலாளிகள் அபூர்வம். தங்களுக்குத் தோதான கட்டுப்பாட்டைக் கேட்பவர்கள் அபூர்வம் அல்ல என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

அந்தச் சந்தேகத்துக்கு 2023 இடம் கொடுத்தது. சீனாவோடு தொடர்புடையவர்கள் என்று கூறப்படும் ஊடுருவல்காரர்கள், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பை உடைத்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் மின்னஞ்சல்களைப் படித்தார்கள். இது தடுத்திருக்கக்கூடியதே என்றது அரசின் ஆய்வுக் குழு. 2024 ஜூனில் நாடாளுமன்றக் குழுமுன் உட்கார்ந்த ஸ்மித், அறிக்கை சுட்டிய ஒவ்வொரு குறைக்கும் நிறுவனமே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். வாதாடவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்வதும் வக்கீலின் உத்திதான். ஆனால் பணம் கொடுத்தால் போட்டியாளருடன் வழக்கு முடிந்துவிடும். கம்ப்யூட்டரில் தன் கடிதங்களை நம்பி வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளருடன் அப்படி ஓர் உடன்பாடு செய்துகொள்ள முடியாது. பூட்டு சரியாக இருக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டிய பதில்.