மையும் வண்ணமும்: தெருவோர ஓவியத்தில் உள்ள விஞ்ஞானம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் இடையே, 1900-ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய செந்நிறக் கட்டடம் நின்றது. அதுதான் மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். 1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் மூண்ட தீயில் அது அழிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் இருக்கிறது. மூர் மார்க்கெட்டின் வளைவுகளும் மாடங்களும் எப்படி இருந்தன என்பதைப் பழைய புகைப்படங்களிலும் ஓவியங்களிலும்தான் நாம் இனிப் பார்க்க முடியும்.

நகரங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் ஊரிலும் இன்று நீங்கள் பார்க்கும் ஓட்டு வீடோ, பழைய சத்திரமோ, கடைத்தெருவோ பத்து ஆண்டுகள் கழித்து இருக்கும் என்பது நிச்சயமில்லை. ஒரு பேனா, ஒரு சிறிய வண்ணப் பெட்டி, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அவற்றை நீங்களே பதிவு செய்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் வரைந்த காட்சி மறைந்த பிறகும் உங்கள் படம் நிலைத்திருக்குமா? வண்ணம் பூசும்போதே கோடுகள் கரைந்துவிட்டால்? சில ஆண்டுகளில் நிறம் வெளுத்துவிட்டால்? இந்தக் கேள்விகளுக்கு விடை உங்கள் விஞ்ஞானப் பாடத்திலேயே இருக்கிறது.

புகைப்படம் போதாதா?

"கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதுமே!" என்று நீங்கள் கேட்கலாம். புகைப்படம் எடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் நாம் எவ்வளவு பார்க்கிறோம்? வரைகிறவனோ முன்வரிசையில் எத்தனை சன்னல்கள், மேல்மாடி வளைவும் கீழ்மாடி வளைவும் ஒரே வடிவமா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தே ஆக வேண்டும். கவனிக்காததை வரைய முடியாது. விஞ்ஞானிக்கு வேண்டிய முதல் பழக்கமும் இதுதான் அல்லவா?

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதற்கு முன்பே, 1786-இல் இந்தியாவுக்கு வந்த தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியர்கள் நாடெங்கும் பயணம் செய்து கோயில்களையும் கோட்டைகளையும் நேரில் பார்த்து வரைந்தார்கள். சென்னையும் மதுரையும் அவர்கள் படங்களில் உண்டு. இரு நூற்றாண்டுகளுக்கு முன் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் அந்தப் படங்களைப் புரட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கம் இன்றும் மறையவில்லை. காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் பரவியிருக்கிறது. காட்சியை நேரில் பார்த்தே வரைய வேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி.

பேனாவே அளவுகோல்

ரிப்பன் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். அவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரு சிறு தாளில் அளவு பிசகாமல் அடக்குவது எப்படி?

கட்டடத்தின் நேர் எதிரே நின்றுகொள்ளுங்கள். கையை நன்றாக நீட்டிப் பேனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனாவின் நுனி கோபுர உச்சியைத் தொடும்படி வைத்து, கோபுரத்தின் அடி எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரலை வையுங்கள். பிறகு பேனாவைக் கிடையாகத் திருப்பி, அந்த நீளம் கட்டடத்தின் அகலத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள்.

இதற்கு அடிப்படை, கணக்கு வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள். கணக்குக்காக ஒரு கோபுரத்தின் உயரம் 40 மீட்டர், கட்டடத்தின் அகலம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கும் பேனாவுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர். நீங்கள் 200 மீட்டர் தொலைவில் நின்றால், பேனாவில் கோபுரம் 12 சென்டிமீட்டர். அகலம் 24 சென்டிமீட்டர். 300 மீட்டர் தள்ளி நின்றால் 8, 16 சென்டிமீட்டர். அளவுகள் மாறினாலும் விகிதம் 1-க்கு 2 தான். அந்த விகிதத்தைத் தாளில் கொண்டுவந்துவிட்டால் படம் சரியாக அமையும். கை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீண்டிருக்க வேண்டும். மடங்கினால் கணக்கு கெட்டுவிடும்.

கரையும் மை, கரையாத மை

அளவு கிடைத்தது, கோடுகளை மையில் போடுகிறோம். மேலே ஈரத் தூரிகை பட்டதும் கோடு நிற்குமா, ஓடுமா? அது மையின் இனத்தைப் பொறுத்தது.

செய்து பாருங்கள்: இரண்டு வெள்ளைச் சாக்பீஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சாதாரணப் பேனா மையால் ஒரு புள்ளி வையுங்கள். மற்றதில் அதே உயரத்தில் இந்தியன் இங்க் என்று கடையில் கிடைக்கும் கறுப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் நன்றாகக் காய்ந்ததும், ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றிய தட்டில் இரண்டையும் நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏறும். பேனா மை அதனுடன் சேர்ந்து ஏறும். சில மைகள் இரண்டு மூன்று நிறங்களாகப் பிரியவும் கூடும். இந்தியன் இங்க் வைத்த புள்ளியோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

காரணம் என்ன? பெரும்பாலான பேனா மைகள் சாயக் கரைசல்கள். உப்பு நீரில் கரைவதுபோலச் சாயத்தின் மூலக்கூறுகள் தண்ணீரில் கரைந்திருக்கின்றன. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மீண்டும் கரையும். இந்தியன் இங்க் அப்படி அன்று. அதில் இருப்பது கரைபொருள் அல்ல, புகைக்கரியின் நுண்ணிய துகள்கள். அத்துடன் அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கை வெண்காரம் கலந்த நீரில் கரைத்துச் சேர்ப்பதுண்டு. மை காய்ந்ததும் அரக்கு ஒரு மெல்லிய படலமாகிக் கரித்துகள்களைத் தாளுடன் பிணைத்துவிடுகிறது. அதனால்தான் ஈரத் தூரிகை அதை அசைப்பதில்லை.

கரி நம்மவர்களுக்குப் புதிதல்ல. எழுத்தாணியால் ஓலையில் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித்தான் சுவடி எழுத்துகளைத் தெளிவாக்கினார்கள்.

ஓர் எச்சரிக்கை: அரக்குக் கலந்த மையைச் சாதாரண ஊற்றுப் பேனாவில் நிரப்பாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் பேனாவோ, தண்ணீரில் கரையாத மை நிரப்பி விற்கப்படும் மெல்முனைப் பேனாவோ போதும்.

தாள் குடிக்கும் தண்ணீர்

கோடு காய்ந்துவிட்டது. இனி வண்ணம். அதற்கு முன் தாளைக் கவனியுங்கள்.

ஒரே அளவுள்ள வண்ணச் சொட்டை மையொற்றுத் தாளிலும், நோட்டுப் புத்தகத் தாளிலும், ஓவியத் தாளிலும் விட்டுப் பாருங்கள். மையொற்றுத் தாளில் சொட்டு உடனே பரவிவிடும். ஓவியத் தாளில் சிறிது நேரம் முத்துப்போல நிற்கும். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் நுண்ணிய குழாய்களைப்போல நீரை இழுக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும், முன்பு சாக்பீஸில் தண்ணீர் ஏறியதும் இதே நுண்புழை ஏற்றத்தால்தான். இந்த வேகத்தைக் குறைக்க ஓவியத் தாளுக்கு ஆலையிலேயே ஜெலட்டின் போன்ற பசையை ஊட்டுகிறார்கள். அப்போது நீர் மெதுவாக இறங்கும். தூரிகையை ஓட்ட நமக்கு அவகாசம் கிடைக்கும்.

நீரை உறிஞ்சிய இழைகள் பருக்கின்றன. ஈரமான பகுதி விரிய, ஈரமில்லாத பகுதி விரியாமல் இருக்க, மெல்லிய தாள் அலை அலையாக நெளிந்துவிடும். அதனால்தான் நீர்வண்ண ஓவியர்கள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனத்த தாளை விரும்புகிறார்கள். அது கிடைக்காவிட்டால், இருக்கும் தாளின் நான்கு ஓரங்களையும் அட்டையில் ஒட்டிவைத்து வரையலாம்.

வெள்ளைக் கட்டடத்துக்கு என்ன நிறம்?

நீர்வண்ணம் என்பது நிறமிப் பொடியும் பிசினும் சேர்ந்த கலவை. பிசின் நம் கருவேல மரத்துக்கு உறவான ஓர் ஆப்பிரிக்க மரத்திலிருந்து வருகிறது. அரக்கைப்போல அன்றி, பிசின் காய்ந்த பின்னும் தண்ணீரில் கரையும். இதனால் ஒரு நன்மை உண்டு. பெட்டியில் காய்ந்து கிடக்கும் வில்லையை ஈரத் தூரிகையால் தொட்டாலே போதும். பழைய காலத்து ஓவியர்கள் நிறமியை அரைத்துக் குழைக்க வேண்டியிருந்தது. லண்டனில் ரீவ்ஸ் என்பவர் செய்த வண்ண வில்லைகளுக்கு 1781-இல் அங்குள்ள கலைக் கழகம் பரிசளித்தது. வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போவது இத்தகைய வில்லைகளால் எளிதாயிற்று.

நீர்வண்ணத்தின் ஒளிர்வுக்குக் காரணம் நிறமி மட்டுமல்ல. ஒளி மெல்லிய வண்ணப் படலத்தினூடே சென்று, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி, மறுபடியும் படலத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே தாளின் வெண்மைதான் விளக்கு; வண்ணம் அதன் முன் வைத்த கண்ணாடி.

1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டடம் வெண்ணிறம். அதற்கு எந்த வண்ணத்தை எடுப்பது? எதையும் எடுக்க வேண்டாம்! அந்த இடத்தைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் வானத்தையும் மரங்களையும் பூசுங்கள்; பிறகு வளைவுகளின் நிழலைப் பூசுங்கள். வெள்ளைக் கட்டடம் தானாக எழுந்து நிற்கும்.

நிழலுக்குக் கறுப்பை எடுக்க வேண்டாம். உற்றுப் பாருங்கள், வெள்ளைச் சுவரில் விழும் நிழலில் நீலச் சாயல் இருக்கும். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வானம் நீலமாகத் தெரிகிறது. நேர் வெயில் படாத இடத்துக்கு அந்த வானத்தின் ஒளி வருகிறது. அதுதான் காரணம்.

தண்ணீரோடு ஒரு பந்தயம்

வெளியில் வரைகிறவர் வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் அனுசரிக்க வேண்டும். வறண்ட காற்று வீசும் கோடை நண்பகலில், வானத்தைப் பூசி முடிக்கும் முன்பே முதல் தீற்றல் காய்ந்துவிடும். மழைக்கால மாலையில் பக்கத்தைத் திருப்பவே காத்திருக்க நேரும். காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகத்தானே நடக்கும்?

காய்ந்த தீற்றலின் ஓரத்தில் ஓர் அடர்ந்த கோடு தெரியும். மேசையில் சிந்திய காப்பி காய்ந்ததும் வளையமாகத் தெரிகிறதே, அதேதான். சொட்டின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும் நீர் துகள்களையும் இழுத்துச் சென்று அங்கே குவிக்கிறது. அன்றாடம் பார்க்கும் இந்த நிகழ்ச்சிக்கான விளக்கத்தைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல்தான் வெளியிட்டார்கள்.

பாதி காய்ந்த இடத்தில் மீண்டும் ஈரத் தூரிகையை வைத்தால், புதிய நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிபிளவர்போல ஒரு கறையை உண்டாக்கும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். இல்லையேல் முழுவதும் காயட்டும்.

நிறம் எத்தனை காலம்?

1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் நீர்வண்ணங்களின் மீது ஒளியின் செயலை ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளித்தார்கள். வண்ணம் பூசிய தாள்களைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து நீண்ட நாட்கள் ஒளியில் வைத்தார்கள். பல வண்ணங்கள் மங்கின. ஆனால் காற்றையும் ஈரத்தையும் நீக்கிய குழாய்களில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை மங்கவில்லை. ஒளி தனியாக அன்றி, காற்று, ஈரம் இவற்றின் துணையுடனேயே நிறத்தை அழிக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

எல்லா நிறமும் ஒன்றுபோல் மங்குவதில்லை. காவி மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது. அது எளிதில் மாறாது. கரியும் அப்படியே. ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்போ விரைவில் வெளுத்துவிடும்.

செய்து பாருங்கள்: உங்கள் பெட்டியிலுள்ள ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தாளில் பட்டை பட்டையாகப் பூசுங்கள். பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு மாதங்கள் ஒட்டிவையுங்கள். பிறகு மூடியை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். எந்த வண்ணத்தை நம்பலாம் என்பதை உங்கள் பெட்டியே சொல்லிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிழலில் உட்காருங்கள். படம் முடிந்ததும், ஒரு மூலையில் இடம், தேதி, நேரம், நீங்கள் பார்த்த திசை இவற்றைக் கரையாத மையால் எழுதுங்கள். அந்த நான்கு குறிப்புகள் இருந்தால் உங்கள் படம் வெறும் அழகுப் பொருளாக நின்றுவிடாது. ஒரு சான்றாகவும் ஆகும். படத்தைச் சுவரில் வெயில் படும்படி மாட்டாமல், ஈரமில்லாத இடத்தில் நோட்டுக்குள்ளேயே மூடிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி வரையுங்கள். உங்கள் தெரு எப்படி மாறுகிறது என்று உங்களுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.