வானிலிருந்து விழுந்த குண்டுக்கும் கணக்கு உண்டு

சிப்காட் ஆலைகளுக்குப் பேர்போன கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இத்தகைய முகாம்களில் நடுவயதைக் கடந்த பலருக்கு 'பொம்மர்', 'பங்கர்' என்ற சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்கு குழிக்குள் ஓடிய பிள்ளைப் பருவம் அவர்களுடையது. குண்டுவீச்சில் உறவுகளை இழந்தவர்களுக்கு இன்றும் சில உரிமைகள் உண்டு. அவை என்னவென்று பார்ப்போம்.

நடந்தவை

1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில், இடம்பெயர்ந்து வந்து புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் குண்டுவீச்சில் பள்ளிப் பிள்ளைகள் பலியானார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்தில் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்த மாணவியர் மீது குண்டுகள் விழுந்தன. அது விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது இலங்கை அரசு. நேரில் சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, ராணுவ நிலை இருந்ததற்கு அடையாளம் காணவில்லை என்றது.

'தவறுதலாக' என்றால் போதுமா?

பொதுமக்கள் இறந்த ஒவ்வொரு தாக்குதலும் போர்க்குற்றம் ஆகிவிடாது. ஆனால் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. குறிவைத்தது உண்மையிலேயே ராணுவ இலக்கா? கிடைக்கும் ராணுவப் பயனை மிஞ்சிய அளவில் பொதுமக்கள் சாவார்கள் என்று தெரிந்திருந்ததா? அதைத் தவிர்க்க இயன்ற முன்னெச்சரிக்கை எல்லாம் எடுக்கப்பட்டதா? 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளில் இலங்கையும் இந்தியாவும் சேரவில்லை. ஆயினும் இந்தக் கேள்விகளுக்கு அடிப்படையான விதிகள் வழக்காற்றுச் சட்டமாக எல்லாப் படைகளையும் கட்டுப்படுத்தும்.

தவறு என்று சொல்லும் படைதான் அது எப்படி நேர்ந்தது என்று காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப்படையின் ஏவுகணை தன் ஹெலிகாப்டரையே வீழ்த்தியது. ஆறு வீரர்களும் தரையில் நின்ற ஊர்க்காரர் ஒருவரும் இறந்தனர். விமானப்படைத் தளபதி தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பொறுப்பான அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

தடைகள்

இலங்கை அரசியலமைப்பின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். குண்டுக்குத் தப்பிக் கடல் கடந்தவர்களால் அது முடிகிற காரியமா? செஞ்சோலை உட்பட 16 சம்பவங்களை விசாரிக்க இலங்கை அரசு அமைத்த உடலாகம ஆணைக்குழு, ஏழு சம்பவங்களின் விசாரணையை மட்டுமே முடித்து 2009இல் கலைந்தது. அதன் அறிக்கை 2015இல்தான் வெளியே வந்தது. செஞ்சோலைக்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வழிகள்

கதவுகள் எல்லாம் மூடிவிடவில்லை. இலங்கைச் சட்டப்படி கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி, எதிர்கால வழக்குகளுக்கான சாட்சியங்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் திரட்டிப் பாதுகாக்கிறது. இழப்பீட்டுக்காக 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கையில் இழப்பீட்டு அலுவலகம் அமைக்கப்பட்டது. இழப்பீடு வாங்கினால் நீதி கேட்கும் உரிமை போய்விடாது; எனினும் கையெழுத்திடும் தாளை முழுதும் படித்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் வழிமுறை கேட்கலாம். ஆவணங்களைப் பெற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக உதவி வருகிறது. இலவசச் சட்ட ஆலோசனைக்குத் திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள், பெண்கள், குழந்தைகளுக்கு இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவசச் சட்ட உதவியை உறுதி செய்கிறது. இந்திய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உரியது.

கண்ணால் பார்த்தவர்களுக்கு வயதாகிறது. அவர்கள் போனால் சாட்சியும் போய்விடும். வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். இறந்தவர் பெயர், ஊர், தேதி, நேரம், கூட இருந்தவர்கள் யார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய புகைப்படம், பள்ளிச் சான்று, மருத்துவமனைத் துண்டுச்சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். நீதி வரும் நாளில் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான். இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.