கடலடிச் சேற்றில் கார்பனை அளப்பது எப்படி?

கடலில் மடியும் நுண்பாசிகளும் ஆறு அடித்துவரும் இலைதழையும் அடியில் படிந்து சேற்றில் புதைகின்றன. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் அவை முழுதாக மட்குவதில்லை. அவற்றின் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. உலகக் கடலடிப் படிவின் மேல் 1 மீட்டரில் மட்டும் சுமார் 2.3 லட்சம் கோடி டன் இருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அது எங்கே குவிந்திருக்கிறது? ஸ்காட்லாந்தில், பனியாறுகள் குடைந்த ஒடுங்கிய குடாக்களில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலியலையைச் சரளை பலமாகத் திருப்பி அனுப்பும். மென்சேறு பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். இப்படிச் சேற்றுப்பரப்பு பிடிபட்டதும் நீண்ட குழாயை இறக்கி மாதிரி எடுக்கிறார்கள். மேலே பழுப்பு, கீழே கறுப்பு; பிளந்தால் அழுகிய முட்டை வாடை. அதைத் துண்டுபோட்டு, உலர்த்தி, எடைபார்த்து அமிலம் விடுகிறார்கள். கிளிஞ்சல் துகள்கள் நுரைத்துக் கரையும். மிஞ்சியதை எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால் சேற்றில் உயிர்வழிக் கார்பனின் விகிதம் தெரியும்.

மொத்தக் கார்பனைக் கணக்கிட விகிதம் மட்டும் போதாது. சேற்றின் அடர்த்தியும் வேண்டும். மாதிரி எடுக்காத இடங்களை ஆழம், நீரோட்டம், சேற்றின் பங்கு ஆகியவற்றைக் கொண்டு கணினி மதிப்பிட்டு வரைபடத்தை நிரப்புகிறது. அங்கே பிழை வாய்ப்பும் கூடுதல். நல்ல வரைபடம் அதையும் சேர்த்தே காட்டும். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி வலை எந்தச் சேற்றைக் கிளறக்கூடாது என்று தீர்மானிக்க இத்தகைய வரைபடமே முதல் தேவை.