முதலிற் செவி, பின்னர்க் கை

மோட்டார் வண்டிக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். யாதொரு தொடர்பும் இல்லையென்றே நானும் சென்ற ஐப்பசி மாதம் வரை எண்ணியிருந்தேன்.

என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று, அலுமாரி நிறைந்த புத்தகங்கள். மற்றையது ஒரு மொறிஸ் மைனர் கார். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கி, 10 இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பெற்ற இனம் அது. இலங்கை வீதிகளில் இன்றும் அதனைக் காணலாம். வெள்ளவத்தையிலே கடற்காற்று வந்து மோதும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வண்டி நிற்கின்றது.

ஒருநாட் காலை திறப்பைத் திருப்பி இயக்க முயன்றேன். எஞ்சின் விரைவாகச் சுழன்றது, ஆயினும் பற்றிக்கொள்ளவில்லை. அயலிலுள்ள கராஜ் ஒன்றிற் பற்றரியை மாற்றினர். இரண்டு நாள் ஓடிற்று, மீண்டும் நின்றது. அடுத்து, கொயிலை மாற்றினர். அதன்பின் பிளக்குகளை மாற்றினர். பணம் கரைந்ததேயன்றி நோய் தீர்ந்தபாடில்லை. "பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றனர் உறவினர். விலைபேச ஒருவரும் வந்து போயினார். தந்தையாரின் கைபட்டுத் தேய்ந்த அந்த ஸ்டியரிங் வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனத்தது.

அப்பொழுதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து முதியவர் ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். கைத்தொழில் வல்லாரைப் 'பாஸ்' என்றழைப்பது கொழும்பு வழக்கு. அவர் கையில் ஒரு சிறு பையன்றி வேறெதுவும் இல்லை. நான் பெட்டகத்தைத் திறந்து, மாற்றிய உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, "முதல்ல கேட்போம் ஐயா, பிறகு கழற்றலாம்" என்றார்.

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெற்றோல், உரிய கணத்தில் எழும் தீப்பொறி என்னும் மூன்றுமே என்று அவர் விளக்கினார். எஞ்சின் நன்றாகச் சுழல்வதால் பற்றரியிற் குறையில்லை. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்; அதன் நுனி உலர்ந்திருந்தது. அதனை வயரிற் பொருத்தி, எஞ்சினின் இரும்போடு சேர்த்து வைத்துச் சுழற்றச் சொன்னார். நீலப்பொறி பளிச்சென்று பாய்ந்தது. பொறி எழாதிருப்பின், கடலோர ஈரம் டிஸ்ரிபியூட்டர் மூடியினுள்ளே படிந்திருக்கின்றதா, பொயின்ற் இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்களவில் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டுமாம். இங்கே அதற்குத் தேவையிருக்கவில்லை. பொறி உண்டு; பிளக்கோ உலர்ந்திருக்கின்றது. ஆகவே, பெற்றோல் வந்து சேரவில்லை என்பது தெளிவாயிற்று.

"இப்ப திறப்பை மட்டும் திருப்புங்க. சுழற்ற வேண்டாம்" என்றார். திருப்பினேன். ஓசை எதுவும் எழவில்லை. "கேட்டீங்களா?" என்றார். "ஒன்றும் கேட்கவில்லையே" என்றேன். "அதுதான் ஐயா வருத்தம்" என்று நகைத்தார்.

இவ்வண்டியின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் 'டிக் டிக்' என ஒலித்து, காபரேட்டர் நிறைந்ததும் அடங்கும். ஓயாது ஒலிப்பின் தாங்கி வறண்டிருக்கலாம், அல்லது குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். ஒலியே இல்லையெனின் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பினுள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகிவிட்டன. முதியவர் திருப்புளியின் கைப்பிடியாற் பம்பை மெல்லத் தட்டினார். 'டிக் டிக்' என்ற ஓசை எழுந்தது. அடுத்த கணம் வண்டி உயிர்பெற்றது.

"இது மருந்து இல்ல ஐயா, மயக்கம் தெளிவிக்கிறதுதான்" என்று கூறி, மூடியைத் திறந்து கருகிய முனைகளைத் தேய்த்துத் துப்புரவு செய்தார். பஞ்சிகாவத்தைக் கடைகளிற் புதிய முனைகளை வாங்கிப் பூட்டும்படியும் சொன்னார். பாதையின் குலுக்கத்தில் அம்முனைகள் இடையிடையே தாமாகத் தொட்டுக்கொண்டமையால், உறுப்பு மாற்றியதே குணம் தந்ததென முன்னர் மயங்கினோம் என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். நோயின் காரணத்தை அறிந்த பின்னரே சிகிச்சை என்னும் அதன் கருத்தை முப்பதாண்டுகளாக வகுப்பில் விரித்துரைத்து வருகின்றேன். அதனைக் கைக்கொண்டவரோ கொட்டாஞ்சேனைப் பாஸ்!

அன்றிரவு பின்வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவனின் முகம் என் கண்முன் நின்றது. அவன் கொப்பியில் எல்லாம் பிழை. சோம்பேறி என்று கடிந்தேன், பயிற்சியை இரட்டித்தேன், இடைவேளையில் மறித்துவைத்தேன். எதுவும் பலிக்கவில்லை. மறுநாட் காலை அவனை அழைத்துத் தணிந்த குரலில், "தம்பி, கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறேன்?" என்று கேட்டேன். அவன் கண்களைச் சுருக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளையாய் ஏதோ தெரியுது சேர்" என்றான்.

அவனை முன்வாங்கில் இருத்தினேன். கண் வைத்தியரிடம் காட்டும்படி பெற்றோருக்குக் கடிதம் எழுதினேன். இன்று அவன் மூக்குக்கண்ணாடி அணிந்து வருகின்றான். கொப்பியிற் பிழைகளும் குறைந்துவிட்டன. வண்டியை நான் விற்கவில்லை. நாள்தோறும் திறப்பைத் திருப்பியதும் ஒரு கணம் செவிசாய்த்திருந்து, அதன்பின்னரே புறப்படுகின்றேன்.