தீபாவளிக்கு முன் பேஸ்மென்ட் சுவருக்கு வண்ணம் பூசலாமா? வெப்பநிலையும் ஈரப்பதமும் சொல்வது என்ன?

புதுடெல்லி: தீபாவளி நெருங்கும்போது வட இந்திய நகரங்களில் வீடுகளுக்குப் புதுவண்ணம் பூசும் பணி சூடுபிடிக்கும். மேல்தளங்களில் சிக்கல் இல்லை. ஆனால் டெல்லியில் அலுவலகம், படிப்பகம், கிடங்கு எனப் பயன்படும் பேஸ்மென்ட் எனும் நிலத்தடித் தளங்களில் பூசிய பெயின்ட், அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் கட்டி உரிந்து விடுவது வழக்கமாகவே உள்ளது. பழி பெரும்பாலும் பெயின்ட் மீது விழுகிறது. பல நேரங்களில் தவறு பூசிய நாளில்தான் இருக்கிறது.

பொதுவாக, நீர் கலந்து பூசும் எமல்ஷன் வகைகளுக்குக் காற்றின் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம் வரையிலும் இருப்பது உகந்தது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பணியை நிறுத்திவிட வேண்டும்.

நிலத்தடித் தளத்தில் இந்த இரு அளவுகள் மட்டும் போதாது. சுவரின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையே பனிப்புள்ளி. சுவர் அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதல் வெப்பத்துடன் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் துறையில் பின்பற்றப்படும் விதி.

ஆகஸ்ட் மாதப் பிற்பகல் ஒன்றில் காற்று 32 டிகிரியாகவும் ஈரப்பதம் 75 சதவீதமாகவும் இருந்தால், பனிப்புள்ளி சுமார் 27 டிகிரி. மண்ணையொட்டிய சுவர் 26 டிகிரியில் குளிர்ந்திருந்தால் அதன்மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அதன்மேல் பூசிய பெயின்ட் சுவரைப் பற்றாது. மாறாக, நவம்பரில் 25 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் பனிப்புள்ளி 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே சுவர் அப்போது பாதுகாப்பானது.

மழைக்காலத்தில் காற்றோட்டத்துக்காக ஜன்னல்களைத் திறந்து வைப்பது நல்லதென்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது வெளியிலுள்ள ஈரக்காற்றையே குளிர்ந்த சுவரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. டெல்லி வீடுகளில் ஓடும் தண்ணீர் கூலர் இன்னும் மோசம். அவசரமாகப் பூசியே ஆக வேண்டுமெனில், கூலரை நிறுத்தி, ஈரப்பதம் நீக்கும் கருவியையோ ஏ.சி.யையோ பூசுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இயக்குவது உதவும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி இதற்குப் போதும்.

சுவரில் தெரியும் ஈரம் காற்றிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து ஊறியதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். உட்புறம் நனைந்திருந்தால் சுவரில் ஓதம் ஏறியுள்ளது. பின்னதற்கு எந்த மாதத்தில் பூசினாலும் பயனில்லை. கசிவை அடைத்து, பூத்த உப்பைச் சுரண்டி, சுவரை உலரவிட்ட பிறகே பிரைமர் பூச வேண்டும். புதிய சிமென்ட் பூச்சானால் குறைந்தது 28 நாள் காத்திருப்பது நல்லது.

டெல்லியிலிருந்து தென்மேற்குப் பருவமழை வழக்கமாக விலகும் நாள் செப்டம்பர் 25. மண்ணும் சுவரும் உலர அதன்பிறகும் சில வாரங்கள் ஆகும். எனவே தீபாவளி அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வரும் ஆண்டுகளில், மேல்தளங்களை முதலில் முடித்துக்கொண்டு, பேஸ்மென்ட்டை நவம்பருக்குத் தள்ளிவைப்பதே செலவைக் காக்கும். அதைத் தவறவிட்டால், மூடுபனி விலகிய பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.